நேர் வரிசையா, சாய்சதுரமா? ஷ்வேஷ்வே குயில்ட்டுக்கு என் ஓட்டு

குயில்ட் என்பது துணித் துண்டுகளை ஒட்டுப் போட்டுத் தைக்கும் போர்வை. அதன் சதுரத் துண்டுகளான பிளாக்குகளைத் தைத்து முடித்த பிறகுதான் உண்மையான தலைவலி வருகிறது: எப்படி அடுக்குவது? என்னிடம் இருந்தவை ஷ்வேஷ்வேயில், அதாவது தென்னாப்பிரிக்காவின் பொடிப் பிரிண்ட் பருத்தித் துணியில், தைத்த 12 அங்குலப் பிளாக்குகள், இருபது. நேர் வரிசையில் வைத்து நடுநடுவே துணிப் பட்டை கொடுக்கலாம். இல்லையென்றால் ஒவ்வொன்றையும் மூலையில் நிற்கவைத்துச் சாய்சதுரமாக அடுக்கலாம். டர்பனில் ஒரு குயில்ட் கண்காட்சியைப் பார்த்ததிலிருந்து எனக்கு இரண்டாவதன் மேல்தான் ஆசை. ஆனால் தைத்தது முதலாவதை. இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

அழகுப் போட்டி என்றால் சாய்சதுரம்தான் ஜெயிக்கும், அதில் சந்தேகமில்லை. நடுவில் 5 புள்ளி, இருபுறமும் 3, 1 என்று குறைத்துக் கோலம் போட்டுப் பழகிய கண்ணுக்கு அந்த அமைப்பு உடனே பிடித்துப்போகும். பிளாக்கும் குறைவாகப் போதும். 3க்கு 4 வரிசை, இடைவெளிகளில் இன்னொரு 6, மொத்தம் 18 பிளாக்கில் 51க்கு 68 அங்குலக் குயில்ட் வந்துவிடும்.

சிக்கல் ஓரத்தில் இருக்கிறது. சாய்வாக அடுக்கினால் சுற்றிலும் பல்பல்லாக இடம் விடும். அதை முக்கோணத் துண்டுகளால் அடைக்க வேண்டும். 12 அங்குலப் பிளாக்கின் மூலைவிட்டம் ஏறக்குறைய 17 அங்குலம். தையலுக்கும் சேர்த்து 18¼ அங்குலச் சதுரம் வெட்டி, அதை இரண்டு மூலைவிட்டத்திலும் அறுத்து நான்கு முக்கோணமாக்க வேண்டும். அப்போதுதான் நேர்நூல், அதாவது துணியின் நூல் ஓட்டத்தோடு போகும் இழுபடாத பக்கம், குயில்ட்டின் வெளிப்பக்கம் வரும். பயாஸ், அதாவது நூலுக்குக் குறுக்காக வெட்டிய பக்கம், வெளியே வந்தால் ஓரம் இழுபட்டு அலை அலையாக நிற்கும்.

ஷ்வேஷ்வே வாங்குகிறவர்கள் இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஷ்வேஷ்வே தயாரிக்கும் டா காமா நிறுவனத்தின் துணி 90 சென்டிமீட்டர் அகலம், அதாவது 35 அங்குலத்துக்குச் சற்று மேல். 18¼ அங்குலச் சதுரம் இரண்டு பக்கத்தில் பக்கம் நிற்காது, ஒரு அங்குலம் இடிக்கும். அந்த 18 பிளாக் குயில்ட்டின் பத்து ஓர முக்கோணத்துக்கு மூன்று சதுரம் வேண்டும். மூன்றையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வெட்டினால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் போகும், பக்கத்தில் அகலமான துண்டு மீந்து கிடக்கும். நான்கு மூலை முக்கோணங்களும் அந்தத் துண்டிலேயே வந்துவிடும் என்பது ஒரு சின்ன ஆறுதல். 110 சென்டிமீட்டர் குயில்ட் பருத்தியில் இந்தத் தொல்லையே கிடையாது, இரண்டு சதுரம் ஒரே வரிசையில் அடங்கும். துணியை முதலில் துவைத்துச் சுருக்கிக்கொண்டால் 90ம் இன்னும் குறையும். ஷ்வேஷ்வேயைத் துவைக்காமல் தைக்கவும் எனக்கு மனசில்லை. கஞ்சி போக வேண்டும், நீலச் சாயம் விட வேண்டும்.

நேர் வரிசையின் பட்டைக்கும் கிட்டத்தட்ட அதே ஒன்றரை மீட்டர்தான். ஆனால் தையலுக்கும் சேர்த்து 2½ அங்குலத்தில் நறுக்கிய சின்னத் துண்டுகளே போதும் என்பதால் வீட்டில் மிச்சம் கிடப்பதையும் ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம். கடையில் அதே பிரிண்ட் தீர்ந்துபோனாலும் வேலை நிற்காது. 4க்கு 5 அடுக்கி, சுற்றிலும் சேர்த்து 2 அங்குலப் பட்டை கொடுத்தால் 58க்கு 72 வருகிறது. இரண்டு பிளாக் கூடுதல் என்றாலும் கட்டிலுக்கு நல்ல அகலம். இன்னொன்று: ஷ்வேஷ்வேயின் பொடிப் பிரிண்டுகள் பக்கத்தில் பக்கம் வந்தால் ஒன்றோடொன்று கலந்துவிடும். வெளிர் பட்டை இருந்தால் ஒவ்வொரு பிளாக்கும் தனித்து நிற்கும்.

கண்காட்சிக்குப் போகிறவர்கள் நடுவில் இருக்கும் நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஓரத்தைப் பாருங்கள், அந்த இடங்களை எப்படி அடைத்திருக்கிறார்கள் என்று. கையால் தொடக் கூடாது. வெள்ளைக் கையுறை போட்டவர்கள் இருந்தால் கேளுங்கள், புரட்டி முதுகையும் காட்டுவார்கள். படம் எடுக்க அனுமதி இருந்தால் எடுத்து, கைபேசியில் கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். எது தூக்கலாக நிற்கிறது, எது அமுங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும். வீட்டில் தரையில் பரப்பிய பிளாக்குகளையும் நான் இப்படித்தான் இடம் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

நான் தைத்ததெல்லாம் கட்டிலுக்குத்தான். சுவரில் தொங்கவிடும் குயில்ட்டுக்கு என் தீர்ப்பை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சாய்சதுர அடுக்கில் பிளாக்கின் நூல் குறுக்காகப் போவதால் தொங்கும்போது கொஞ்சம் தொய்யலாம் என்பார்கள். அகலத் துணி கையில் இருந்து, பிளாக் மட்டும் பதின்மூன்றே தேறினால், சரி, சாய்சதுரமே அடுக்குங்கள். 51க்கு 51 சதுரம் வரும், மேசை விரிப்புக்கு அது போதும்.