கருநாகம் பிடிக்க வந்த இருவர்: ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஒரு சேவை அனுபவம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தை ஒட்டியிருக்கும் எங்கள் வீட்டுக் குளியலறைக்குள் கருநாகம் ஒன்று புகுந்துவிட்டது. அவசர உதவி எண்ணான 999-க்கு அழைத்தோம். பொது தற்காப்புப் படையிலிருந்து இருவர் வந்து அதைப் பிடித்துச் சென்றார்கள். ஒரு காசும் வாங்கவில்லை.

செம்பனைக் காட்டில் உதிரிப் பழங்களைத் தின்ன எலி வருகிறது, எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. தோட்டங்களில் எலி தின்னும் கூகை ஆந்தைக்குக் கூட்டுப் பெட்டி வைத்து எலியைக் குறைக்கிறார்கள். ஆனாலும் வேலியோரத்தில் குடியிருக்கும் எங்களுக்குப் பாம்பு புதிதன்று. இந்தக் கருநாகம் கடிப்பதோடு நிற்காமல், மிரண்டால் எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்த்து நஞ்சைப் பீய்ச்சும் இனம். கண்ணில் பட்டால் உடனே சுத்தமான நீரால் விடாமல் கழுவிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடவேண்டும். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் கொண்டுபோகவேண்டும்.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். அன்று நடுங்கியவர்கள் ஆளுக்கொரு விதமாக நடுங்கினோம். பக்கத்து வீட்டு அண்ணன் பாராங்கோடு (வெட்டுக்கத்தியோடு) ஓடிவந்து கதவைத் திறக்கச் சொன்னார். அவர் பிடித்திருந்த பாராங் ஆடியதை நான் பார்த்தேன். நானும் ஒரு கம்பைத் தூக்கிக்கொண்டு, அடித்தே தீர்வது என்றுதான் நின்றேன். பயம் தாங்காதபோது மனிதனுக்கு முதலில் தோன்றுவது அடிப்பதுதான் போலும்; அதையே வீரம் என்று நாங்கள் இருவரும் அந்த நேரத்தில் நம்பினோம். 72 வயதாகும் என் அம்மா மட்டும், இருட்டில் தலைவிளக்கோடு பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டப் போய்ப் பழகியவர், கதவை இழுத்துச் சாத்தி, ஈரக் கோணிச்சாக்கை அடியிடுக்கில் திணித்துவிட்டு, பத்தடி தள்ளி நாற்காலி போட்டுக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். "அது பாட்டுக்கு உள்ள கிடக்கட்டும்" என்றார்.

படையினர் வந்துசேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. எங்கள் குடியிருப்பில் சந்துகளுக்குப் பெயர்ப்பலகை இல்லாததால் இரண்டு முறை சுற்றியிருக்கிறார்கள். அதை அவர்கள் மேல் சொல்ல முடியாது.

மூத்தவர் மலாய்க்காரர். வந்ததும் அம்மாவைப் பார்த்து, "ஜாங்ஙான் தாக்கூட், மக்சிக்" என்று பயப்படவேண்டாமெனச் சொல்லி, எங்கள் கையிலிருந்தவற்றைக் கீழே போடச் செய்தார். இளையவர் நம் தமிழ்ப் பையன். உள்ளே போகுமுன் முகம் மறைக்கும் கண்ணாடியை மாட்டி, அது அசைகிறதா என்று தலையை இருபுறமும் ஆட்டிப் பார்த்துக்கொண்டார். கருநாகம் வாளிக்குப் பின்னால் படம் விரித்து நின்றது. அதன் கழுத்தைப் பிடிக்க அவர் பாயவில்லை. நீண்ட கொக்கியால் வாளியை மெல்ல நகர்த்தி, ஒரு முனையில் சாக்குக் கட்டிய பிளாஸ்டிக் குழாயைத் தரையோடு தரையாக நீட்டி வைத்தார். பாம்பு இரண்டு முறை பீய்ச்சியது. கண்ணாடியில் துளிகள் வழிந்தன. அவர் அசையவே இல்லை. சற்று நேரத்தில் படம் சுருங்கியது. ஒளிய இடம் தேடிய பாம்பு இருண்ட குழாய்க்குள் தானாகவே நுழைந்துகொண்டது. நாங்கள் வெட்டிப்போட நினைத்தது எங்களைவிட மிரண்டுபோயிருந்த ஓர் உயிரை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பயமா இல்லையா தம்பி?" என்று அம்மா கேட்டார்.

"பயந்தான் பாட்டி. அதனாலதானே கண்ணாடிய முதல்ல மாட்டுனேன்."

இந்தப் பதிலுக்காகவே இதை எழுதுகிறேன். பயத்தை மறைக்கவும் இல்லை, அதன் பிடியில் வேலையைக் கெடுக்கவும் இல்லை. எதை முதலில் செய்யவேண்டும் என்பதற்கு அந்தப் பயத்தையே அவர் பயன்படுத்திக்கொண்டார். போகுமுன் கால்வாயிலும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பின்புறம் குவிந்திருந்த தேங்காய் மட்டைகளை அகற்றச் சொன்னார்.

வீட்டில் பாம்பு புகுந்தால் யாரும் கம்பெடுக்கவேண்டாம். கதவைச் சாத்தி, தூரத்திலிருந்து கண்காணித்தபடி இவர்களை அழையுங்கள். மட்டைகளை மறுநாளே அள்ளிவிட்டோம். சந்து முனையில் இப்போது எண் எழுதிய பலகை நிற்கிறது. பாராங்கோடு ஓடிவந்த அண்ணன்தான் அதை எழுதி நட்டார்.