அம்மாவின் கைக்கு எந்த சுகர் சென்சார்?

அம்மா கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தனியாக இருக்கிறார். இன்சுலின் போடுகிறவர். எனக்குப் புதுச்சேரியில் வேலை. அவருக்கு சுகர் பார்க்க மூன்று வழிகள் இருந்தன: விரலில் குத்தும் மீட்டர், போனைக் கிட்டே காட்டிப் படிக்கும் பேட்ச், புளூடூத்தில் தானாக அனுப்பும் பேட்ச்.

மீட்டர் செலவு குறைவு, ரத்தத்தையே அளக்கிறது. ஆனால் குத்துகிற நேரத்து அளவு மட்டும்தான் தெரியும். ராத்திரி 2 மணிக்கு சுகர் இறங்கினால் அதற்கு எப்படித் தெரியும்? மாத்திரை மட்டும் போடுகிறவர், லோ சுகர் வந்து பழக்கமில்லாதவர் என்றால் பெரும்பாலும் இதுவே போதும்.

பேட்ச் இரண்டுமே மேல்கையின் பின்பக்கம் ஒட்டுபவை. மெல்லிய இழை ஒன்று தோலுக்கடியில் உள்ள திரவத்தின் சர்க்கரையை அளக்கும். ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கியே காட்டும். அந்தக் கையை அழுத்திப் படுத்தால் பொய்யாக லோ காட்டுவதும் உண்டு. படபடப்பும் வியர்வையும் ஒன்று சொல்ல, எண் வேறு சொன்னால் குத்திப் பார்க்கத்தான் வேண்டும். மீட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

போனைக் காட்டிப் படிக்கும் வகைக்கு முதல் தலைமுறை ஃப்ரீஸ்டைல் லிப்ரே நல்ல உதாரணம். 14 நாள் கையில் இருக்கும், கடைசி 8 மணி நேரத்தை நினைவில் வைத்திருக்கும். அம்மா இரவு 9 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுந்து காட்டினால், முதல் ஒரு மணி நேரக் கணக்கு போய்விடும். அதைவிடப் பெரிய குறை, அது யாரையும் எழுப்பாது.

புளூடூத் வகை எழுப்பும். 70-க்குக் கீழே போனால் அலாரம் அடிக்கும். ஆனால் அந்த அலைவரிசையை உடம்பில் உள்ள தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். போன் கூடத்தில் கிடந்து, அம்மா சென்சார் பக்கமாகப் புரண்டு படுத்தால் தொடர்பு அறுந்துவிடும். போன் தலைமாட்டில்தான் இருக்க வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கரன்ட் போனது, டவரும் போனது. அம்மாவின் போனிலிருந்து இன்டர்நெட் வழியாக என் போனுக்கு வந்துகொண்டிருந்த சுகர் எண்கள் நின்றுவிட்டன. நான் தூங்கவே இல்லை. அப்புறம்தான் புரிந்தது: நின்றது எனக்கு வரும் பாதை மட்டும். சென்சாருக்கும் அம்மாவின் போனுக்கும் இடையே இன்டர்நெட் தேவையில்லை, அவர் போனில் அலாரம் வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

அதனால் இன்சுலின் போட்டுக்கொண்டு தனியாக இருப்பவருக்கு என் தேர்வு புளூடூத் பேட்ச்தான். வாங்கியதும் போனில் டேட்டாவை அணைத்துவிட்டு எண் வருகிறதா, அலாரம் அடிக்கிறதா என்று பாருங்கள். அம்மாவின் தலைமாட்டில் இப்போது ஒரு பவர் பேங்கும் சர்க்கரை டப்பாவும் இருக்கின்றன. வீட்டுச் சாவி ஒன்று பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறது.