தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள்: ஓர் ஆர்.கே.நகர்க்காரனின் மதிப்பீடு, 5க்கு 4

வடசென்னையின் ஆர்.கே.நகர் சட்டமன்றத் தொகுதி என்று சொன்னாலே வெளியூர்க்காரர்களுக்கு ஜெயலலிதா, குக்கர், பணப் பட்டுவாடா, இந்த மூன்றுதான் ஞாபகம் வருகிறது. கொருக்குப்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது நெடுநாள் வருத்தம். எங்கள் தொகுதி என்னவோ 2015இல்தான் பிறந்தது மாதிரிப் பேசுகிறார்கள். அந்த வருத்தத்தில்தான் இந்தியத் தேர்தல் ஆணையம் தன் இணையதளத்தில் போட்டு வைத்திருக்கும் சட்டமன்றத் தேர்தல் புள்ளிவிவர அறிக்கைகளை 1977 முதல் 2021 வரை ஒவ்வொன்றாக இறக்கி, எங்கள் தொகுதிப் பக்கங்களை மட்டும் படித்தேன். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு சுருக்க அட்டவணை இருக்கிறது. எத்தனை பேர் மனு போட்டார்கள், எத்தனை பேர் வாபஸ் வாங்கினார்கள், எத்தனை பேருக்கு டெபாசிட் போனது, ஆண் வாக்காளர், பெண் வாக்காளர், செல்லாத வாக்குகள், எத்தனை வாக்குச்சாவடிகள் என்று எல்லாம் ஒரே இடத்தில். அந்தச் 'செல்லாத வாக்குகள்' வரியை மட்டும் ஆண்டுவாரியாகப் பாருங்கள். 2001இல் தமிழ்நாடு முழுக்க மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் வந்த கதை அதிலேயே தெரியும்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய வாக்குவாதம் உண்டு. "ஆர்.கே.நகர் எப்பவுமே ஆளுங்கட்சி பக்கம்தான்டா" என்பார் அப்பா. அட்டவணையை வைத்துச் சரிபார்த்தேன். 1977இல் அ.தி.மு.க.வின் நடிகர் ஐசரி வேலன், எம்.ஜி.ஆர். ஆட்சி. சரி. 1989இல் தி.மு.க.வின் சற்குண பாண்டியன், 1991இல் அ.தி.மு.க.வின் மதுசூதனன், 1996இல் மறுபடியும் சற்குண பாண்டியன், மூன்று முறையும் ஆட்சி அமைத்த கட்சிதான். ஆனால் 1980இல் இங்கே ஜெயித்தது காங்கிரஸின் ராஜசேகரன். அப்போது காங்கிரஸ் தி.மு.க. கூட்டணியில் இருந்தது, ஆட்சியைப் பிடித்ததோ எம்.ஜி.ஆர். 1984இல் மறுபடியும் காங்கிரஸ், வேணுகோபால், ஆனால் இந்த முறை கூட்டு அ.தி.மு.க.வோடு. ஒரே கட்சி, அடுத்தடுத்த இரண்டு தேர்தல், இரண்டு எதிரெதிர்க் கூட்டணி, இரண்டிலும் வெற்றி! இது எனக்கு இத்தனை வருடம் தெரியாது. 2006லும் 1980 மாதிரியேதான் அப்பாவின் கணக்கு தப்பியது. கோட்டையில் தி.மு.க. உட்கார்ந்தது, எங்கள் தொகுதியில் அ.தி.மு.க.வின் சேகர்பாபு 2001ஐத் தொடர்ந்து இரண்டாம் முறை ஜெயித்தார். அவரே 2011இல் தி.மு.க.வுக்கு மாறி நின்று அ.தி.மு.க.வின் வெற்றிவேலிடம் தோற்றதும் அடுத்த அறிக்கையில் இருக்கிறது. பதினொரு பொதுத்தேர்தலில் இரண்டு முறை அப்பாவின் கணக்கு தப்பு. 1980 பக்கத்தைக் காட்டியதும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

ஒரு நட்சத்திரம் குறைத்ததற்குக் காரணம் இடைத்தேர்தல்கள். பொதுத்தேர்தல் அறிக்கைகளில் அவை வராது, தனியாகத் தேட வேண்டும். வேறு தொகுதிக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம், எங்களுக்கு அப்படியில்லை. வெற்றிவேல் பதவி விலகி 2015 ஜூனில் ஜெயலலிதா நின்று ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தது, அவர் மறைந்தபின் 2017 ஏப்ரலில் நடக்க இருந்த தேர்தல் பண விநியோகத்தால் ரத்தானது, அதே டிசம்பரில் நடந்த தேர்தல், இதெல்லாம் இல்லாமல் எங்கள் வரலாறு பாதிதான். பொதுத்தேர்தல் கோப்புகளை மட்டும் படிப்பவருக்கு 2011இல் வெற்றிவேல், 2016இல் ஜெயலலிதா, 2021இல் தி.மு.க.வின் எபினேசர் என்று மொட்டையாகத் தெரியும்.

அந்த 2017 டிசம்பர் எண்களைத் தேடி எடுத்தே பாருங்கள். சுயேச்சையாகக் குக்கர் சின்னத்தில் நின்ற டி.டி.வி. தினகரனுக்கு 89,013 வாக்குகள். இரட்டை இலையில் நின்ற மதுசூதனனுக்கு 48,306. 1991இல் இதே தொகுதியில் ஜெயித்த அதே மதுசூதனன்தான், 26 வருடம் கழித்து. தி.மு.க.வின் மருது கணேஷுக்கு 24,651. பதிவானதில் ஆறில் ஒரு பங்கு வராததால் டெபாசிட் போனது. சற்குண பாண்டியனை இரண்டு முறை அனுப்பிய தொகுதியில் இது எவ்வளவு பெரிய சரிவு என்பது பழைய அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்தால்தான் உறைக்கும். அடுத்த பொதுத்தேர்தலிலேயே தி.மு.க. இங்கே திரும்ப வந்ததும் அப்படித்தான்.

இன்னொரு குறை, 2008 மறுவரையறையில் எல்லைகள் மாறிய விவரம் அட்டவணையில் கிடையாது. அதனால் 2006 வாக்காளர் எண்ணிக்கையையும் 2011 எண்ணிக்கையையும் நேராக ஒப்பிடாதீர்கள். எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதும் கஷ்டம்தான், அப்பாவுக்கு நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அப்புறம், மொத்த அறிக்கையையும் அச்செடுக்கக் கொடுக்காதீர்கள். நான் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, நூற்றுக்கணக்கான பக்கத்துக்குக் காசு கட்டி, கடைசியில் எங்கள் தொகுதிப் பக்கமே விட்டுப்போயிருந்தது. உங்கள் தொகுதியின் சுருக்க அட்டவணை, விரிவான முடிவுகள், இந்த இரண்டை மட்டும் ஒவ்வொரு ஆண்டுக்கும் தனியாக எடுங்கள். வாக்குச்சாவடி வாரியாக வேண்டுமென்றால் தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் சமீபத்திய தேர்தல்களுக்கான படிவம் 20 இருக்கிறது. எங்கள் தெருச் சாவடியிலிருந்து அடுத்து அதைத்தான் தொடங்கியிருக்கிறேன்.