சாயப் படமா, தன்னொளிர்வுப் படமா: கோராய்டு அழற்சியைத் தொடர்ந்து கவனிக்க எது உதவும்?

மாவட்டத் தலைநகர் ஒன்றில் சிறிய கண் மருத்துவமனை நடத்துகிறேன். விழித்திரையைப் படமெடுக்கப் பல ஆண்டுகளாக உழைத்து வரும் ஃபண்டஸ் கேமராவுக்குத் துணையாகப் புதிய கருவி வாங்க முனைந்தபோது, கிடைத்த கடன் தொகைக்கு இரண்டு வழிகளே இருந்தன. நரம்பில் சாயம் ஏற்றி ஏற்கெனவே எடுத்து வந்த ஃப்ளோரசீன் படத்தோடு, ஐசிஜி (இண்டோசயனின் கிரீன்) என்ற மற்றொரு சாயத்தின் படமும் எடுக்கக்கூடிய கேமரா ஒன்று. ஊசியும் சாயமும் இல்லாமல் விழித்திரையின் தன்னொளிர்வைப் படம் பிடிப்பதோடு, விழித்திரை அடுக்குகளின் குறுக்குவெட்டுப் படமான ஓசிடியும் எடுக்கும் லேசர் ஸ்கேனிங் கருவி மற்றொன்று. நான் இரண்டாவதை வாங்கினேன். சர்க்கரை நோயாளிகளை முன்னிட்டு முடிவெடுத்திருந்தால் இந்த அலசல் வேறு விதமாக அமைந்திருக்கும். நான் மனத்தில் வைத்திருந்தது, எண்ணிக்கையில் சிலரே ஆனாலும் ஆண்டுக்கணக்கில் என்னிடம் வந்துகொண்டிருக்கும் கோராய்டு அழற்சி நோயாளிகளை.

அவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது சர்பிஜினஸ் போன்ற கோராய்டைட்டிஸ். விழித்திரைக்கும் கண்ணின் வெள்ளை உறைக்கும் நடுவே உள்ள இரத்தநாளப் படலமான கோராய்டில் தொடங்கும் இந்த அழற்சி, பாம்பு ஊர்ந்த தடம்போல வளைந்து பரவி, மையப்பகுதியான மாக்குலாவைத் தொட்டுவிட்டால் படிக்கும் பார்வையைப் பறித்துவிடும். மேலைநாட்டில் முதலில் விவரிக்கப்பட்ட வடிவம், பார்வை நரம்பின் விளிம்பிலிருந்து விட்டுப்போகாமல் தொடர்ந்து பரவுவது. நாம் இங்கே அடிக்கடி காண்பதோ, பல இடங்களில் தனித்தனியாகத் தோன்றிப் பிறகு ஒன்றோடொன்று சேர்வது. கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழான விட்ரியஸில் அழற்சிச் செல்கள் மிதக்கும், காசநோய்க்கான மாண்டூ தோல் சோதனை பெரும்பாலும் நேர்மறையாக வரும். சண்டிகரின் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த விஷாலி குப்தா, அமோத் குப்தா குழுவினர் 2003-இல் இதைக் காசநோய் சார்ந்ததாகக் கருதத்தக்க வடிவமாக விவரித்தார்கள். காசநோய் மருந்துகளும் ஸ்டீராய்டும் மாதக்கணக்கில் தரவேண்டியிருப்பதால், நோயின் பெயரைக் கண்டுபிடித்ததோடு வேலை முடிவதில்லை. சென்ற மாதத்தைவிட இந்த மாதம் அடங்கியிருக்கிறதா, ஊர்ந்திருக்கிறதா என்ற கேள்வி ஒவ்வொரு வருகையிலும் எழுகிறது.

சாயப் படத்தின் தகுதியை நிறுவ நான் அதிகம் எழுதத் தேவையில்லை. இந்தியானாவில் மருத்துவ மாணவர்களாக இருந்த நோவாட்னியும் ஆல்விஸும் 1961-இல் வெளியிட்ட ஃப்ளோரசீன் முறை இன்றும் விழித்திரை நோயறிதலின் முதுகெலும்பு. அழற்சி உயிர்ப்போடு இருக்கும் இடம் தொடக்கத்தில் இருண்டும் பிற்பாடு சாயம் கசிந்து பளிச்சென்றும் தெரியும். ஐசிஜி இன்னும் ஆழமாகப் பார்க்கும். அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்வதால் விழித்திரைக்கு அடியிலுள்ள நிறமிப் படலத்தைத் தாண்டிச் செல்கிறது, இரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் கோராய்டு நாளங்களுக்குள் தங்குகிறது, கண்ணால் பார்க்கும்போது தெரியாத அழற்சிப் புள்ளிகளையும் கரும்புள்ளிகளாகக் காட்டுகிறது. ஒரே ஒருமுறை படம் எடுக்க வாய்ப்புண்டு என்றால் நான் ஐசிஜியையே கேட்பேன்.

ஆனால் ஒருமுறை எடுத்தால் போதாது என்பதில்தான் என் முடிவு திரும்பியது. ஐசிஜிக்கு நரம்பில் ஊசி போட்டு, அரை மணி நேரத்துக்கும் மேல் நோயாளியை உட்கார வைத்து, கடைசிக் கட்டப் படம்வரை காத்திருக்க வேண்டும். 25 மில்லிகிராம் குப்பியைக் கரைத்தால் ஆறு மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும்; ஒரே நாளில் இரண்டு பேருக்குத் தேவைப்படுவது என்னைப் போன்றவர்களின் மருத்துவமனையில் அரிது என்பதால், குப்பியின் முழு விலையும் ஒருவர் தலையில் விழும். மருந்தில் அயோடின் உண்டு, ஆகவே ஒவ்வாமை உள்ளவர்களை விலக்க வேண்டும். ஃப்ளோரசீன் மலிவானதுதான், ஆனால் குமட்டல், வாந்தி, ஒரு நாள் மஞ்சள் பூத்த தோல், ஆரஞ்சு நிறச் சிறுநீர், மிக அரிதாக உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை என்று அதற்கும் ஒரு பட்டியல் உண்டு. முதல் முறை இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்பவர், பார்வை சற்றுத் தெளிந்துவிட்டால் மூன்றாவது முறை வரமாட்டார். குறை சொல்ல முடியாது. தறியை நிறுத்திவிட்டு வருகிறவருக்கு அரை நாள் என்பது அரை நாள் கூலி.

தன்னொளிர்வுப் படத்தில் இந்தத் தடைகள் பெரும்பாலும் இல்லை. விழித்திரை நிறமிச் செல்களில் சேர்ந்திருக்கும் லிப்போஃபியூசின் என்ற பொருள், சுமார் 488 நானோமீட்டர் நீல ஒளி பட்டால் தானாக ஒளிரும். செல் நலிந்தால் ஒளிர்வு கூடும், செத்துப்போனால் இருண்டுவிடும். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து போடத்தான் வேண்டும், அதன்பின் படம் எடுப்பது சில நிமிட வேலை. சர்பிஜினஸ் வகை நோயில் இது ஏறக்குறைய ஒரு நாட்காட்டி போலச் செயல்படுகிறது. உயிர்ப்போடு இருக்கும் புண்ணின் ஓரம் மங்கலான வெண்ணிற ஒளிவட்டமாகத் தெரியும். ஆறத் தொடங்கினால் அந்த ஓரத்தில் மெல்லிய கருங்கோடு விழும். பிறகு உள்ளே புள்ளி புள்ளியாகக் கருமை கூடி, முழுதும் ஆறியபின் ஒரே கருந்தடமாக நிற்கும். சென்ற மாதப் படத்தில் எந்த இடம் மையமாக இருந்ததோ அதே இடத்தைக் கருவியே தேடிப் பிடிப்பதால், இரண்டு படங்களையும் அருகருகே வைத்து ஓரம் நகர்ந்திருப்பதைக் கோல் வைத்து அளப்பதுபோல அளக்க முடிகிறது.

இதன் பயனை நான் உணர்ந்தது ஒரு நெசவாளரிடம். காசநோய் மருந்து தொடங்கிய நான்காவது வாரம் வழக்கமான வருகைக்கு வந்தவர், பார்வையில் மாற்றமில்லை என்றார். படத்தில் இடது கண்ணின் கருந்தடத்துக்கு வெளியே, மாக்குலாவை நோக்கிய பக்கத்தில் மட்டும் புதிய ஒளிவட்டம் இருந்தது. மருந்து தொடங்கியபின் செத்த கிருமியின் புரதங்களுக்கு எதிராக உடல் கிளர்ந்தெழுவதால் நோய் தற்காலிகமாக மோசமாவது இதில் தெரிந்த விஷயம். அப்போது காசநோய் மருந்தை நிறுத்தாமல் ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டும். கூட்டினோம், ஓரம் நின்றது. பார்வையில் குறை சொல்லாத ஒருவருக்கு அன்று சாய ஊசி போட நான் துணிந்திருப்பேனா என்று கேட்டால், மாட்டேன் என்பதே நேர்மையான பதில்.

தன்னொளிர்வு ஏமாற்றும் இடங்களும் உண்டு. விட்ரியஸ் கலங்கியிருந்தாலோ, ஸ்டீராய்டால் கண்புரை வளர்ந்திருந்தாலோ படம் புகைமூட்டமாகிவிடும். மாக்குலாவில் உள்ள மஞ்சள் நிறமி நீல ஒளியை விழுங்கிக்கொள்வதால் நடுப்புள்ளி இயல்பாகவே இருண்டிருக்கும். அதை நோய் என்று எண்ணிவிடுவது தொடக்கத்தில் நானும் செய்த பிழை. எல்லாவற்றையும்விட, விழித்திரை இரத்தநாளங்களின் அழற்சி இதில் தெரியாது. அத்தகைய அழற்சியான ஈல்ஸ் நோய் என்று சந்தேகித்தால் ஃப்ளோரசீன்தான். ஓரப்பகுதி நாளங்களின் கசிவையும் இரத்தம் பாயாத இடங்களையும் அது காட்டுவதுபோல வேறெதுவும் காட்டுவதில்லை. கோராய்டு முழுவதும் பரவும் அழற்சிகளிலும் இதே கதை: வோட்-கோயானாகி-ஹராடா நோயின் தொடக்கத்தில் ஊசிமுனைக் கசிவுகளை ஃப்ளோரசீன் காட்டும், வெளியே அடங்கிவிட்டதுபோல் தோன்றும் நோய் உள்ளே கனன்றுகொண்டிருப்பதை ஐசிஜி காட்டும். அங்கே என் கருவியின் ஓசிடி கோராய்டின் தடிமனை அளந்து ஓரளவு ஈடுகட்டுகிறது, அவ்வளவே.

சாயமில்லாத ஆஞ்சியோ என்று விற்கப்படும் ஓசிடிஏ பற்றிக் கேட்பவர்களுக்கு: எனக்கு அதில் பழக்கம் குறைவு, நண்பர் ஒருவரின் மருத்துவமனையில் எடுத்த சில பத்துப் படங்களே என் அனுபவம். அழற்சிக்குப் பின் முளைக்கும் புதிய இரத்தநாள வலையை, குறிப்பாகக் கிட்டப்பார்வை உள்ள இளம்பெண்களுக்கு வரும் பிஐசி என்ற கோராய்டு அழற்சியில், அது அழகாகக் காட்டுகிறது. ஆனால் கசிவைக் காட்டாது. மேலடுக்கில் வீக்கம் இருந்தால் கீழே விழும் நிழலை இரத்த ஓட்டமின்மை என்று தவறாகப் படிக்க இடமுண்டு. பேர்ட்ஷாட் என்ற மற்றொரு கோராய்டு அழற்சி நோயைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. எச்எல்ஏ-ஏ29 மரபணு வகையோடு பிணைந்த அந்நோய் ஐரோப்பிய வம்சாவளியினரிடமே பெரும்பாலும் வருவது. நான் பார்த்தது ஒரே ஒருவரை.

இப்போதைய நடைமுறை இதுதான்: புதிய நோயாளிக்கு முதல் வாரத்தில் பழைய கேமராவில் ஒரு ஃப்ளோரசீன், ஐசிஜி அவசியம் என்று தோன்றுபவர்களுக்கு மதுரைக்கு ஒரு கடிதம், அதன்பின் ஒவ்வொரு மாதமும் தன்னொளிர்வும் ஓசிடியும். காசநோய் மருந்தில், பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடிய எத்தாம்பியூட்டால் இருக்கும் மாதங்களில் நிறப்பார்வைச் சோதனையையும் அதே வருகையில் முடித்துக்கொள்கிறோம். மாதாந்தர வருகையை அந்த நெசவாளர் இன்னும் தவறவிடவில்லை. போன செவ்வாய்க்கிழமை காலை தறிக்குப் போகும் வழியில் வந்து, ஒன்பதரைக்குள் படம் எடுத்துக்கொண்டு போனார்.