ஓடியை அடைக்க எஃப்டியை உடைக்கச் சொன்னால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, இன்ஜின் பார்ப்பது என்று செலவு மட்டும் ஓடும், வரவு கிடையாது. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகு வைத்திருப்பவர்கள் பலருக்கு ஜூன் மாதம் ஓடி கணக்கு (ஓவர்டிராஃப்ட், வங்கி வைத்த லிமிட் வரை தேவைக்கு எடுத்துக்கொள்ளும் கடன்) லிமிட்டைத் தொட்டு நிற்கும். வங்கிக்குப் போனால், "எஃப்டி சும்மாதானே கிடக்கு, உடைச்சு அடைச்சிருவோம்ணே" என்பார்கள். எஃப்டி என்கிற நிலையான வைப்பின் ரசீதுக்குப் பின்னால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

பாம்பன்காரர் ஒருவர் இப்படித்தான் ஏமாந்தார். 3 லட்சம் எஃப்டி, இரண்டு வருஷத்துக்கு 7 சதவீதம், ஒரு வருஷம் முடிந்திருந்தது. ஓடி பாக்கி 2.5 லட்சம், வட்டி 12 சதவீதம். உடைத்ததும் 3 லட்சம் வரும் என்று நினைத்தார், வந்தது 2,95,500.

காரணம் இது. முன்கூட்டி எடுத்தால் பேசிய 7 சதவீதம் கிடைக்காது. பணம் உண்மையில் கிடந்த காலத்துக்கு, டெபாசிட் போட்ட அன்று இருந்த விகிதம்தான் கணக்கு. அன்று ஒரு வருஷத்துக்கு 6.5. அதில் அபராதம் 1 போக 5.5. அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியைக் கையில் வாங்கி வந்தவர், மொத்தம் 21,000. சேர வேண்டியது 16,500 தான் என்று, கூடுதலாகக் கொடுத்த 4,500-ஐ அசலில் பிடித்துவிட்டார்கள். விதிப்படி சரிதான். ஆனால் கையெழுத்து வாங்குமுன் யாரும் வாய் திறக்கவில்லை.

சொல்லாமல் விட்ட இன்னொன்று, எஃப்டி மீதே கடன் வாங்கலாம் என்பது. பெரும்பாலான வங்கிகள் டெபாசிட்டில் 90 சதவீதம் வரை கொடுக்கும், வட்டி எஃப்டி விகிதத்தைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூட. 8 சதவீதத்தில் 2.5 லட்சம் எடுத்து ஓடியை அடைத்திருந்தால் வருஷ வட்டி 20,000. எஃப்டியோ அதே வருஷம் 21,000 சம்பாதித்திருக்கும். சீசன் ஆரம்பித்து இடையில் கட்டக் கட்ட இன்னும் குறையும். எஃப்டி போட்டு இரண்டே மாதம் என்றால் உடைப்பதில் நட்டம் சொற்பம், தாராளமாக உடைக்கலாம். நாளானதை உடைத்தால்தான் அடி பலம்.

அதோடு விடவில்லை. மிச்சம் வந்த 45,500-ஐ "சேமிப்பு" என்று சொல்லி ஒரு இன்சூரன்ஸ் பாலிசியில் போட்டுவிட்டார்கள். பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம். சிறு பிடித்தம் போக பிரீமியம் திரும்பி வரும்.

அடுத்தது ஓடி. பாக்கியைக் கட்டினால் கணக்கு மூடப்படாது. ஓடி வட்டி தினப்படி ஏறும், மாதக் கடைசியில்தான் பற்று வைப்பார்கள். 2.5 லட்சத்துக்கு ஒரு நாளைக்குச் சுமார் 82 ரூபாய். 18-ம் தேதி கட்டினால் அந்த 18 நாள் வட்டி, 1,479 ரூபாய், மாதக் கடைசியில் வந்து உட்காரும். வருஷா வருஷம் புதுப்பிப்புக் கட்டணமும் சேரலாம். தீர்ந்துவிட்டது என்று கணக்கைப் பார்க்காமல் விட்டு, 90 நாள் வரவே இல்லாவிட்டால் வாராக் கடன் பட்டியல், அப்புறம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் மதிப்பெண் கெடும். அதனால் அன்றைய தேதி வரை வட்டியோடு தொகை கேளுங்கள், லிமிட்டை ரத்து செய்யச் சொல்லி எழுத்தில் கொடுங்கள், நகலில் சீல் வாங்குங்கள், பாக்கி இல்லைச் சான்றிதழ் கையில் வராமல் நகராதீர்கள்.

கீழக்கரை, தொண்டி பக்கம் கவனிக்க வேண்டியவை வேறு. வளைகுடாவில் இருக்கும் மகனோடு கூட்டாகப் போட்ட எஃப்டி "இருவரில் ஒருவர்" என்று இருந்தாலும், முதிர்வுக்கு முன் எடுக்க இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கே சம்பாதித்த பணத்தில் போடும் என்ஆர்ஈ டெபாசிட்டை ஒரு வருஷத்துக்குள் உடைத்தால் வட்டியே கிடையாது. வரிச்சலுகைக்கான ஐந்து வருஷ டெபாசிட்டை உடைக்கவும் முடியாது, அடமானம் வைக்கவும் முடியாது. அதைத் தவிர, தனிநபரின் ஒரு கோடி வரையிலான உள்நாட்டு டெபாசிட்டை முன்கூட்டி எடுக்க வழி இருந்தாக வேண்டும் என்பது 2023 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதி.

ஏற்கனவே உடைத்தாகிவிட்டதா? வட்டி கணக்கிட்ட விவரத்தை எழுத்தில் கேளுங்கள். தப்பாகப் பிடித்திருந்தால் கிளைக்குப் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. எப்படி என்று 14448-ல் கேட்டுக்கொள்ளலாம்.