குடும்ப மருத்துவத்துக்கு 'சர்வதேச போர்டு சான்றிதழ்' என்று போன் வந்தால்: 1,86,000 ரூபாய் கட்டி ஏமாந்த கதை

இன்று மதியம் ஓ.பி. முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது, நான் பணத்தைத் திருப்பிக் கேட்டிருந்த ஆன்லைன் படிப்புத் தளத்திலிருந்து மெயில் வந்தது. "உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டு மூடப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" எதைத் தீர்த்தார்கள் என்று ஒரு வரி கிடையாது. 1,86,000 ரூபாய் போயிருக்கிறது, நட்சத்திரம் கேட்கிறார்கள். சோறு இறங்கவில்லை. அந்தக் கோபத்தோடேதான் எழுதுகிறேன், முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நான் எம்.பி.பி.எஸ். தென் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் கிளினிக். தாத்தாவுக்குச் சர்க்கரை, பாட்டிக்கு மூட்டுவலி, மருமகளுக்கு ரத்தசோகை, குழந்தைக்குத் தடுப்பூசி, எல்லாம் ஒரே வீட்டிலிருந்து வரும். பார்ப்பது குடும்ப மருத்துவர் வேலைதான். ஆனால் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "டாக்டரம்மா எம்.டி.யா?" இல்லை என்றால் சளிக்குக்கூட மதுரைக்குப் பஸ் ஏறிவிடுவார்கள்.

முறையாகப் படிக்க வழி இல்லாமல் இல்லை. தேசிய தேர்வு வாரியத்தின் டி.என்.பி. குடும்ப மருத்துவம் என்ற மேற்படிப்பு இருக்கிறது, எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு 3 வருஷம். 2020இல் 2 வருஷ டிப்ளமோவும் கொண்டுவந்தார்கள். எம்.டி. குடும்ப மருத்துவம் என்றால் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாதிரி வெகு சில இடங்கள்தான். எதற்கும் நீட் பி.ஜி. எழுத வேண்டும், முழுநேரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். குடும்ப மருத்துவத்தை வளர்க்க வேண்டும் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கையிலேயே எழுதியிருக்கிறது. எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். ஓடுகிற கிளினிக்கைப் பூட்டிவிட்டு, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு, யார் போய் மூன்று வருஷம் வார்டில் நிற்பது? என்னைப் போன்றவர்கள் எத்தனை பேர் இருக்கிறோம் என்று இந்த நிறுவனங்களுக்கு நன்றாகத் தெரியும்.

பெயர் சொல்லவில்லை. டாக்டர்களுக்கு ஆன்லைனில் 'ஃபெலோஷிப்' என்று சிறப்புப் பயிற்சிப் படிப்பு விற்கும் தளம், வட இந்தியப் பெருநகரம் ஒன்றில் ஆபீஸ். ஒரு சர்க்கரை நோய் வெபினாருக்குப் பதிவு செய்திருந்தேன், அங்கிருந்து நம்பர் போயிருக்க வேண்டும். கூப்பிட்ட பெண் சுத்தமான தமிழில் பேசினாள், வார்த்தைக்கு வார்த்தை "டாக்டர் மேடம்". ஒரு வருஷப் படிப்பு, எல்லாம் ஆன்லைன், இரண்டு வாரம் மட்டும் கூட்டாளி ஆஸ்பத்திரியில் நேரடிப் பயிற்சி, முடித்தால் 'சர்வதேச போர்டு சான்றிதழ் பெற்ற குடும்ப மருத்துவர்'. பெயர்ப்பலகையில் போடலாம், மருத்துவ கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதியலாம்.

பதியலாம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள், ஆதாரம் அனுப்புங்கள் என்றேன். இரண்டு அனுப்பினார்கள். ஒன்று, ஒரு மாநில மருத்துவ கவுன்சிலின் லெட்டர்பேடில் ஒரு கடிதம். எண், தேதி, முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தன. பொருள் என்ற வரி இருக்க வேண்டிய இடத்தில் அந்த நிறுவனத்தின் பெயர் போட்ட பட்டை ஒன்று அழகாக உட்கார்ந்திருந்தது. இரண்டாவது ஒரு வீடியோ. அதைப் போட்டதும் குரல் கேட்டது, பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. எனக்கு மெடிசின் நடத்திய பேராசிரியர். வார்டு ரவுண்ட்ஸில் அந்தக் குரலுக்கு நடுங்கியிருக்கிறேன். ஒரு துளிகூட ஏமாற்று இல்லாத மனிதர். அவரே "குடும்ப மருத்துவத்துக்குத் தரம் வேண்டும், பயிற்சி வேண்டும்" என்று பேசுகிறார், கீழே இந்தப் படிப்பின் பெயர் ஓடுகிறது. அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

அன்று இரவு 12 மணிக்குள் கட்டினால் 1,86,000, விடிந்தால் 2,40,000. முன்பணம் 26,000. மிச்சம் 1,60,000 வட்டியில்லாத தவணை என்றார்கள். ஆதார், பான், ஒரு ஓ.டி.பி., முடிந்தது. அந்தத் தவணை என் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கொடுத்த தனிநபர் கடன் என்பது முதல் மாதம் பணம் பிடித்தபோது வந்த எஸ்.எம்.எஸ்.ஸில்தான் தெரிந்தது. பணம் மொத்தமாக அன்றைக்கே தளத்துக்குப் போய்விட்டது. கடன்காரி நான்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பதிவு செய்த வீடியோக்கள், எங்கிருந்தோ எடுத்த ஸ்லைடுகள். நெஞ்சுவலி பாடத்தில் நோயாளியிடம் "111க்கு அழைக்கச் சொல்லுங்கள்" என்று இருக்கிறது. 111 இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். எண். நம் ஊரில் 108 என்று மாற்றக்கூட யாருக்கும் கை வரவில்லை. டெங்கு கிடையாது. பாம்புக்கடி கிடையாது. காசநோயாளியைக் கண்டால் அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் தனியார் டாக்டருக்கும் கட்டாயம், அதைப் பற்றி ஒரு ஸ்லைடு கிடையாது. தேர்வு என்பது பாஸாகும்வரை திரும்பத் திரும்ப அழுத்தக்கூடிய கொள்குறி வினாக்கள். நேரடிப் பயிற்சி எப்போது, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டபோது வந்த பதில்தான் உச்சம்: "மேடம், உங்க கிளினிக்லயே பண்ணினதா நீங்களே கையெழுத்துப் போட்டு ஸ்கேன் பண்ணி அனுப்பிடுங்க." குடும்ப மருத்துவத் தரம்!

சான்றிதழ் வந்தது. தங்க ஓரம், க்யூ.ஆர். குறி எல்லாம் உண்டு. அதை ஸ்கேன் செய்தால் அவர்கள் தளத்துக்கே போகிறது, அங்கே என் பெயர் இருக்கிறது. நான் பாஸ் என்பதற்கு அவர்களே சாட்சி. மாநில மருத்துவ கவுன்சிலில் கூடுதல் தகுதிப் பதிவுக்கு விசாரித்தேன். அங்கீகாரப் பட்டியலில் இல்லாத எதையும் பதிய முடியாது என்று மரியாதையாகச் சொன்னார்கள். சான்றிதழைப் பார்த்தவர் முகத்தைப் பார்த்தால் இதைத் தூக்கிக்கொண்டு வந்த முதல் ஆள் நான் இல்லை என்று தோன்றியது.

அப்புறம்தான் தோண்டினேன். அந்தக் கவுன்சில் கடிதத்தின் முழுப் பிரதி, வேறு மாநிலத்தில் இருக்கும் ஒரு டாக்டர் நண்பர் மூலம் கிடைத்தது. பட்டைக்கு அடியில் இருந்த வரி: ஒரு நாள் வெபினார் ஒன்றுக்கு 2 கிரெடிட் மணி வழங்கப்படுகிறது. அவ்வளவே. தொடர் மருத்துவக் கல்விக்கான மணி அது. ஐந்து வருஷத்துக்கு 30 மணி நேரம் சேர்க்க வேண்டும் என்று விதி இருப்பதால் இப்படி ஆயிரம் வெபினார்களுக்குக் கவுன்சில்கள் மணி கொடுக்கின்றன. எல்லாம் முறையானதுதான். அதை ஒரு வருஷப் படிப்புக்கான அங்கீகாரமாக வெட்டி ஒட்டியது யார்? பேராசிரியருக்கும் போன் போட்டேன். "ஒரு மணி நேரம் பேசக் கூப்பிட்டாங்கம்மா, பேசினேன். படிப்பு விக்கிறாங்களா? என் படத்தைப் போட்டா?" வயதானவர், குரல் உடைந்துபோனது. அவரையும் சேர்த்துத்தான் ஏமாற்றியிருக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்க ஆரம்பித்ததும் தமிழ் பேசிய பெண்ணின் நம்பர் உபயோகத்தில் இல்லை. புதிதாக ஒருவர், ஹிந்தி மட்டும். அவர் அகாடமிக் டீமிடம் கேட்கச் சொன்னார். அவர்கள் ஃபைனான்ஸ் என்றார்கள். ஃபைனான்ஸ், "கடன் நிதி நிறுவனத்தோடது, அங்க பேசுங்க". நிதி நிறுவனம், "சேவை கிடைச்சுதா இல்லையான்னு எங்களுக்கு எப்படித் தெரியும் மேடம், தவணை நின்னா சிபில் போயிடும்". கம்ப்ளையன்ஸ் டீம் என்று ஒன்று இருக்கிறது. அங்கிருந்து வந்தவர் மட்டும் ஒரு நிபந்தனைப் பத்தியை எடுத்து வாசித்தார்: உள்ளூர் அங்கீகாரம் பெறுவது மாணவரின் பொறுப்பு. 'பதியலாம்' என்று அந்தப் பெண் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவைப் போட்டுக் காட்டினேன். "அது அந்த ஊழியரோட தனிப்பட்ட கருத்து." தனிப்பட்ட கருத்துக்கா 1,86,000 ரூபாய்? கடைசியில் பெரிய மனசு பண்ணி ஒரு கூப்பன் அனுப்பினார்கள். அடுத்த ஃபெலோஷிப்பில் 10 சதவீதம் தள்ளுபடி. அழகுக்கலை மருத்துவமாம்.

அந்தத் தளத்து ஆள் ஒருவர் விதியைக்கூட எனக்குப் பாடம் எடுத்தார். 2002ஆம் வருஷத்து மருத்துவர் நடத்தை விதிகளில், அங்கீகரித்த பட்டங்களோடு, தொழில் அறிவு தரும் சான்றிதழ்களையும் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு வரி உண்மையிலேயே இருக்கிறது. அந்த வரியை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. ஆனால் அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது: அந்தத் துறையில் சிறப்புத் தகுதி இல்லாதவர் தன்னை ஸ்பெஷலிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, சொன்னால் நடவடிக்கை. இதை அவர் வாசிக்கவில்லை. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், அங்கீகரித்த பட்டங்களை மட்டும்தான் போட வேண்டும் என்று இறுக்கிப் புதிய விதிகள் கொண்டுவந்தது. அதே மாதம் அந்த விதிகள் மொத்தமாக நிறுத்திவைக்கப்பட்டன. ஆக, அந்த ஓட்டை இன்னும் திறந்தே கிடக்கிறது. நான் அந்தச் சான்றிதழ் எழுத்துகளைப் பலகையில் போட்டு, யாராவது புகார் கொடுத்தால், கவுன்சில் முன்னால் நிற்கப்போவது தளம் இல்லை, நான்.

விளம்பரம் முழுக்க அமெரிக்கக் கொடி. என் ஜூனியர் ஒருத்தி அங்கே ஃபேமிலி மெடிசின் ரெசிடென்சி (ஆஸ்பத்திரி வேலையோடு சேர்ந்த மேற்படிப்பு) செய்கிறாள். அவளிடம் படத்தை அனுப்பினேன். சிரிப்பு எமோஜி போட்டாள், அப்புறம் என் நிலைமை தெரிந்து போனே செய்துவிட்டாள். "அக்கா, இங்க அந்த போர்டு பரீட்சை எழுதணும்னா முதல்ல 3 வருஷம் ரெசிடென்சி. ஆஸ்பத்திரில ராத்திரி டியூட்டி, பிரசவம், முதியோர், எல்லாம் ஒருத்தர் பக்கத்துல நின்னு பார்த்து மார்க் போடுவாங்க. பாஸானாலும் அதோட முடிஞ்சிடாது." அங்கே டாக்டர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தரும் குடும்ப மருத்துவ போர்டு 1969இல் வந்தது. வாழ்நாள் சான்றிதழ் கிடையாது, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மறுபடி நிரூபிக்க வேண்டும் என்று முதலில் வைத்த மருத்துவ போர்டே அதுதான். இப்போது ஒரே நாள் பெரிய பரீட்சைக்குப் பதில் மூன்று மாதத்துக்கு 25 கேள்வி என்று வருஷக்கணக்கில் பதில் சொல்லிக்கொண்டே போகும் வழியும் இருக்கிறதாம். எந்த நோயாளியும் தன் டாக்டரின் சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா என்று இணையத்தில் பார்க்கலாம். இங்கே நானே கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்த பேப்பர்.

இங்கிலாந்தின் எம்.ஆர்.சி.ஜி.பி. இன்டர்நேஷனலையும் அந்த விளம்பரத்தில் இழுத்திருந்தார்கள். அது அங்குள்ள குடும்ப மருத்துவர்களின் ராயல் காலேஜ் சம்பந்தப்பட்ட உண்மையான தேர்வு, இந்தத் தளத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அதைப் பாஸ் செய்தாலும் அதை மட்டும் வைத்து இங்கிலாந்தில் ஜி.பி.யாக, அதாவது குடும்ப மருத்துவராக, வேலை பார்க்க முடியாது. அதையும் இவர்கள் சொல்ல மாட்டார்கள்.

"டாக்டருக்குப் படிச்சவங்க இதைக்கூடப் பார்க்க மாட்டீங்களா" என்று எழுத விரல் துடிக்கிறவர்களுக்கு: கேட்டேன், கடிதம் வாங்கினேன், பார்த்தேன். கவுன்சில் கடிதத்தை வெட்டி ஒட்டுகிறவன் திருடன். திருட்டுக் கொடுத்தவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு அவனைக் கேளுங்கள்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன். மணி ஐந்தாகிவிட்டது, வெளியே டோக்கன் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அதனால் அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டும் முன் படிப்பின் முழுப் பெயரைப் போட்டு, இதைக் கூடுதல் தகுதியாகப் பதிவீர்களா என்று உங்கள் மாநிலக் கவுன்சிலுக்கு நீங்களே மெயில் போடுங்கள், பதில் வரும்வரை ஒரு ரூபாய் கட்டாதீர்கள். கிரெடிட் மணிக் கடிதத்தை எவன் காட்டினாலும் போனை வையுங்கள். மருத்துவப் படிப்பை முழுக்க ஆன்லைனில் நடத்த யு.ஜி.சி. விதியே அனுமதிக்கவில்லை, 2020 விதிகளில் இருக்கிறது. தவணை என்றால் கடன் கொடுப்பது யார் என்று கேளுங்கள், அதற்கு முன் ஓ.டி.பி. சொல்லாதீர்கள். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள்.

ஏற்கெனவே கட்டியவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அடித்துப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள், நான் வாங்கிவிட்டேன். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, நாம் இருக்கிற மாவட்டத்திலேயே போடலாம் என்று வக்கீல் சொல்கிறார். 1,86,000 ரூபாயை நான் விடப்போவதில்லை. இதே மாதிரி தங்க ஓரச் சான்றிதழ் வைத்திருக்கிறவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள், கட்டிய ரசீதும் அவர்கள் அனுப்பிய அந்தக் கடிதத்தின் பிரதியும் கையில் இருக்கட்டும்.