ஆயில் ஒழுகிய பழைய ஸ்போர்ட்ஸ் கார்: பிஸ்டன் ரிங்கு மாற்றி ஆறு வருடம், 31,000 கிலோமீட்டர்

வண்டி 1999 மாடல். இரண்டு கதவு, 1.6 லிட்டர், 16 வால்வு. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. இருபது வயது ரப்பர் இறுகிப்போனதற்குக் கம்பெனி மேல் பழி போடுவது நியாயமில்லை. 2016-ல் வாங்கும்போது மீட்டரில் 1,38,000. காட்பாடி வீட்டு வாசலில் நிறுத்திய மறுநாள் காலை, அம்மா கோலம் போடும் இடத்தில் ஐந்தாறு கறுப்புச் சொட்டு. "புள்ளி வச்சிட்டுப் போயிருக்குது உன் வண்டி, கோடு நான் இழுக்கணுமா?" என்றார்.

சொட்டு விழுந்தது எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில். பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் காட்டினேன். பார்த்தவுடனே "ரியர் சீல் போச்சு சார்" என்று கியர்பாக்ஸை இறக்கி மாற்றினார்கள். எஞ்சினின் பின்பக்கம் ஆயில் வெளியே வராமல் அடைக்கும் ரப்பர் வளையம் அது. மூன்று மாதம் காய்ந்திருந்தது. சித்திரை வெயில் ஏறியதும் மறுபடி ஒழுகல். திரும்ப இறக்கினார்கள், திரும்ப மாற்றினார்கள். எஞ்சினின் மேல் மூடியான டேப்பட் கவரைச் சுற்றி சிலிக்கான் பேஸ்ட்டை வேறு அப்பி அனுப்பினார்கள். அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

இதற்கிடையே 800 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்க ஆரம்பித்தது. ஏலகிரியின் 14 வளைவுகளையும் கியரிலேயே இறங்கி, கீழே வந்து ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் நீலப் புகை. பைக்கில் வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு முந்திப் போனார். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டிருக்கும்போது எஞ்சினுக்குள் உறிஞ்சல் அதிகம். வால்வுத் தண்டில் ஆயிலைத் தடுக்கும் ரப்பரான ஸ்டெம் சீல் தேய்ந்திருந்தால் அந்த வழியே ஆயில் உள்ளே இறங்கி, அடுத்து மிதிக்கும்போது எரியும்.

கடைசியில் சத்துவாச்சாரியில் ஒரு பாயிடம் போனேன். சின்னப் பட்டறை. ஸ்பேனரைத் தொடவே இல்லை. வண்டியை ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி, ஒரு பாலித்தீன் பையை வைத்து அமுக்கினார். பை பலூனாக உப்பியது. "சீல் மேல பழி போடாதீங்க தம்பி, உள்ள மூச்சு முட்டுது. வழி கிடைச்ச எடத்துல தள்ளுது."

பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கினார். சத்தமே வரவில்லை, கசடில் ஒட்டிக்கிடந்தது. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இழுத்து எரிக்க அனுப்புவது அந்தச் சின்ன வால்வுதான். அது அடைத்தால் அழுத்தம் சீலைத் தள்ளும். இரண்டு முறை கியர்பாக்ஸ் இறக்கியவர்கள் இதைப் பார்த்திருக்க வேண்டாமா? அதை மாற்றியும் பை கொஞ்சம் உப்பியது. ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று கம்ப்ரஷன் பார்த்தோம். psi கணக்கில் 165, 160, 118, 155. மூன்றாவது சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டதும் 118 என்பது 150 ஆனது. ஆயில் விட்டு ஏறினால் கோளாறு பிஸ்டனைச் சுற்றி வாயு கீழே இறங்காமல் அடைக்கும் ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில். ரிங்குதான்.

2019 ஜனவரியில் எஞ்சினை இறக்கினோம். எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்பைத் திறந்தபோது ஆயிலை வடிகட்டும் ஸ்டிரெய்னரில் சிவப்புச் சிலிக்கான் துணுக்குகள்! இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் ஆயில் பிரஷர் விழுந்து, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் போயிருக்கும். கனெக்டிங் ராடு பேரிங்குகளில் மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிய ஆரம்பித்திருந்தது. கிராங்கை லேத்தில் பாலிஷ் போட்டாலே போதும் என்றார்கள். சிலிண்டர் துளையை அளந்ததில் தேய்மானம் குறைவு, அதனால் துளையைப் பெரிதாக்கும் போரிங் செய்யாமல், உள்சுவரைத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங் மட்டும் செய்து ஸ்டாண்டர்டு ரிங்கு போட்டோம். ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு அலைந்திருந்தால் வண்டி ஒரு வருடம் பட்டறையில்தான் கிடந்திருக்கும். ரிங்கும் பேரிங்கும் சென்னை ஜி.பி. ரோட்டில் கிடைத்தன, ஸ்டெம் சீலுக்கு பெங்களூரு ஜே.சி. ரோடு வரை போனேன். கிராங்க், கேம் சீல்களை மட்டும் சூடு தாங்கும் வைட்டான் ரப்பரில் வாங்கச் சொன்னார் பாய். விலை கிட்டத்தட்ட மூன்று மடங்கு, ஆனால் சூட்டில் சாதா ரப்பர் போல சீக்கிரம் இறுகாது. முன்பக்கச் சீல் ஒழுகி டைமிங் பெல்ட் ஆயிலில் ஊறியிருந்ததால் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் கூடவே மாறின.

செலவு: பாகங்கள் 34,000, லேத் 9,000, கூலி 14,000, ஆயில், கூலண்ட் மற்றதெல்லாம் 5,000. மொத்தம் 62,000 ரூபாய். முன்பு வீணாக்கிய இரண்டு சீல் வேலையை இதில் சேர்க்கவில்லை, சேர்த்தால் வயிறு எரியும்.

முதல் 500 கிலோமீட்டரில் ஆயில் மாற்றினேன். 1,000 வரை ஒரே வேகத்தில் பிடித்துக்கொண்டு ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டினேன். பள்ளிகொண்டா பக்கம் காலி ரோட்டில் அப்படிப் போவதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

இப்போது 31,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. 1,000 கிலோமீட்டருக்கு 150 மில்லி குறைகிறது. இந்த வயதுக்கு அது கணக்கில் வராது. காலையில் ஸ்டார்ட் செய்தால் புகை இல்லை. ரியர் சீல் காய்ந்தே இருக்கிறது. பிசிவி வால்வை 20,000-க்கு ஒருமுறை மாற்றுகிறேன். டேப்பட் கவர் பேக்கிங் மட்டும் மூன்றாவது வருடமே இறுகி, பின் மூலையில் கசிந்தது. அது வழிந்து கியர்பாக்ஸ் பக்கம்தான் வரும். அவசரப்பட்டால் மறுபடி ரியர் சீல் என்றே தோன்றும். மேலே துடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்த பிறகே புரிந்தது. புதுப் பேக்கிங்கோடு அந்த வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது, சிலிக்கான் இரண்டு மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு.

சம்ப் ஓரத்தில் லேசான ஈரம் இருக்கிறது, சொட்டவில்லை. கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸ் இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன்.